பிளாஸ்மா கோட்டிங் உரிகிறதா? முதலில் பரப்பைப் பாருங்கள்

பிளாஸ்மா கோட்டிங் என்பது பவுடரைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கி உலோகத்தின் மேல் ஸ்பிரே செய்வது. ஓசூர் சிப்காட் பக்கம் கோட்டிங் உரிந்தால் உடனே பவுடரைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தப்பு அதற்கு முன்பே நடந்திருக்கும். உருகிய துகள் பரப்பில் மோதி, தட்டையாகி, அங்குள்ள மேடுபள்ளத்தைக் கவ்விக்கொண்டுதான் நிற்கிறது. வெல்டிங் மாதிரி அடி உலோகமும் உருகிச் சேர்வதில்லை.

அதனால் முதலில் எண்ணெய், கிரீஸ் முழுக்கப் போக வேண்டும். பழைய வார்ப்பிரும்பு என்றால் துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும், சூடாக்கி வெளியே வரவைத்து மறுபடி துடையுங்கள். அப்புறம் பிளாஸ்டிங், அதாவது அழுத்தக் காற்றில் துகளை அடித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்குவது. 24 மெஷ் (சல்லடை அளவு) அலுமினா கிரிட், அதாவது கூர்மையான துகள், பல வேலைகளுக்குச் சரியாக வரும். உருண்டை ஷாட் வேண்டாம், அது மழுக்கிவிடும், கூர்முனைதான் கீறும். ரொம்ப நேரம் அடித்தாலும் கெடுதல், கிரிட் துணுக்கு உலோகத்திலேயே பதிந்துவிடும். கம்ப்ரசர் காற்றை வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள். எண்ணெய்க் கறையோ ஈரமோ தெரிந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு ஃபில்டரைக் கவனியுங்கள்.

சரி, பரப்பு பளபளப்பே இல்லாமல் ஒரே சீரான சாம்பல் நிறமாகிவிட்டதா? இனி வெறுங்கை படக் கூடாது, விரல் ரேகை எண்ணெயே போதும் உரிவதற்கு. 2 மணி நேரத்துக்குள் ஸ்பிரே செய்துவிடுங்கள், மழைநாளில் இன்னும் சீக்கிரம்.