போரில் மறைந்தோருக்கு ஊரில் நினைவுக்கல் எழுப்புவது எப்படி: சேலம், சேர்வராயன் மலை ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

படைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு ஊரில் ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், கல் எவ்வளவு உயரம், திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் முன்னுக்கு வருகின்றன. அந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பிழையில்லாத பெயர்ப்பட்டியல் ஒன்று கையில் வரும்வரை கல்தச்சரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கல் நட்டு வீரனை நினைப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு கட்டங்களாக வகுத்திருக்கிறது. ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வைத்து வழிபடப்படுகின்றன. ஆனால் எழுத்துப் பொறிக்காத கல்லில் வில்லோடு நிற்பவன் யாருடைய மகன், எந்தச் சண்டையில் விழுந்தான் என்று சொல்ல இன்று ஆளில்லை. செங்கம் பக்கத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து பொறித்த நடுகற்களோ எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், யாருடைய சேவகன், எதற்காக இறந்தான் என்பதை இன்றும் சொல்லி நிற்கின்றன. வழிபாடு தொடர்ந்தும் பெயர் தொலைந்து போகலாம் என்பதால்தான் பெயரை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

யாருடைய பெயர்கள்

இந்த முடிவை ஊர் கூடித்தான் எடுக்க வேண்டும். கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுதிக்கொள்வது நல்லது. 1947-க்குப் பின் நடந்த போர்களில் இறந்தவர்களைப் பற்றிப் பெரும்பாலும் கருத்து வேறுபாடு வராது. அதற்கு முன்னும், அதற்கு வெளியேயும் இருப்பவர்களைப் பற்றித்தான் பொறுமையாகப் பேச வேண்டும். முதல் உலகப் போரில் இறந்த இந்தியப் படையினர் ஏறத்தாழ 74,000 பேர். இரண்டாம் உலகப் போரில் 87,000 பேர். அவர்கள் வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டார்கள் என்று யாராவது கேட்கக்கூடும். அந்தப் போர்களைப் பற்றி என்ன கருத்து கொண்டிருந்தாலும், போனவர் இந்த ஊர்ப் பிள்ளை, அவருக்காக அழுதது இந்த ஊர் வீடு. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மறைந்தவருக்கும் இதே அளவுகோல்தான். 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப் படையில் பணியாற்றி இறந்தவருக்கும் இதே அளவுகோலையே கொள்ள வேண்டும்; அந்தத் தலையீட்டைப் பற்றிய நம் வருத்தத்தை அந்தக் குடும்பத்தின் மேல் ஏற்றக் கூடாது.

மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவற்றில் இறந்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். அரசின் விதிகளில் அவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் வேறுபாடு உண்டு. ஊரின் துக்கத்தில் அந்த வேறுபாடு கிடையாது.

எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு கூட்டமும் உண்டு. சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணிகள் வழியாக மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் பல. ஜப்பானியர் 1942-43-இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், அந்தத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. "தாத்தாவின் அண்ணன் மலாயாவுக்குப் போனார், கடுதாசி நின்றுபோயிற்று" என்று ஒரு வீட்டில் சொன்னால், அவர் போன ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தலைப்பில் 'வீரமரணம் அடைந்தோர்' என்று போட்டுவிட்டால், முகாமில் காய்ச்சல் கண்டு இறந்தவரையும் சாலை விபத்தில் இறந்தவரையும் சேர்ப்பதா என்ற தர்க்கம் வரும். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) நோயில் இறந்தவர்கள் ஏராளம். 'போர்ப் பணியில் உயிர் நீத்த நம் ஊரார்' என்பது போன்ற தலைப்பு எல்லோரையும் அணைத்துக்கொள்ளும். யார் எப்படி இறந்தார் என்று கல் சொல்ல வேண்டியதில்லை.

தேடும் முறை

வீடுகளிலிருந்து தொடங்குங்கள். பழைய டிரங்குப் பெட்டியையும் பூஜை அறைப் பரணையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஓய்வூதியப் புத்தகம், படையிலிருந்து வந்த கடிதம், விலகல் சான்று எதுவானாலும் படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தால் அதன் முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் விளிம்பைச் சுற்றிப் படைஎண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறு எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். பதக்கத்தை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிக்கொண்டே படித்தால் புலப்படும். அந்தப் போரில் இறந்தவர் வீட்டுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமான வெண்கலத் தகடு ஒன்றும் அனுப்பப்பட்டது. அதில் பதவி இருக்காது, பெயர் மட்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். அது என்னவென்று தெரியாமல் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டுவிடும் ஆபத்து உண்டு என்பதால், ஊரில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களை அதில் கட்டணமின்றித் தேடலாம். இந்தியப் படையினர் பலரின் பதிவில் தகப்பனார் பெயரும், ஊரும், மனைவியின் பெயரும் உண்டு. இறுதியில் 'சேலம், இந்தியா' என்று முடியும். ஆளின் பெயரை மட்டும் நம்பித் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் ஒரே முனுசாமி ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதப்பட்டிருப்பார். திருச்செங்கோடு 'டிரிச்சென்கோட்' ஆகியிருக்கும். எனவே 'சேலம்' என்ற சொல்லைக் கூடுதல் தகவல் பகுதியில் இட்டு, படைப்பிரிவைச் சென்னைப் படைப்பிரிவுகளாகச் சுருக்கிக்கொண்டு, வருகிற பட்டியலைப் பொறுமையாகப் படிப்பதே வழி. அந்தச் சேலம் இன்றைய சேலம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் பிரிந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே ஓசூர்க்காரரும் ராசிபுரத்துக்காரரும் சேலத்துக்காரராகவே பதிவாகியிருப்பார்கள்.

அந்தத் தளத்தில் பெயர் இல்லை என்றால் அவர் இறக்கவில்லை என்று பொருளல்ல. இந்திய, ஆப்பிரிக்கப் படையினரும் தொழிலாளர்களும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் முதல் உலகப் போருக்குப் பின் பெயர் சொல்லி நினைவுகூரப்படாமல் விடப்பட்டதை அந்த ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேயர்களின் பெயர்கள் கல்லில் ஏறின. இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே நின்றார்கள். ஒரு சிற்றூரின் நினைவுக்கல் அந்த அநீதியைக் கொஞ்சமேனும் சரிசெய்ய முடியும்.

1947-க்குப் பிந்தையவர்களுக்கு, 2019 பிப்ரவரி 25 அன்று புது தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் தியாகச் சக்கரத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சேலத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுத்து மூலமாக உதவி கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கும், இராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் படைஎண்ணோடு கடிதம் எழுதலாம்.

ஊரில் முன்பே கல் இருந்தால்

முதல் உலகப் போருக்குப் பின் தமிழகத்தின் பல ஊர்களில் அரசு ஒரு சலவைக்கல் பலகையைப் பதித்தது. இந்த ஊரிலிருந்து பெரும் போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் இரண்டே செய்தி. பெயர் ஒன்றுகூட இல்லை. போர் 1918-இல் முடிந்திருக்க 1914-1919 என்று இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். சமாதான உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டு அது. பழைய சாவடி, பள்ளிக்கூடம், ஊராட்சிக் கட்டடம் ஆகியவற்றின் சுவர்களில், சுண்ணாம்பு அடித்து அடித்து மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

கிடைத்தால் அமிலமும் கம்பித் தூரிகையும் பக்கத்தில்கூட வரக் கூடாது. நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். எழுத்து மங்கியிருந்தால் இருட்டிய பிறகு டார்ச் விளக்கைப் பலகைக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போலப் பிடித்துப் பாருங்கள். வெட்டின் ஓரங்களில் நிழல் விழுந்து, பகலில் 3 என்று தோன்றிய எண் 8 என்று தெளிவாகும். அந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றால் பலகையைப் பத்திரமாகப் பெயர்த்து வைக்கும்படி ஊராட்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மலைக்கிராமத்திலோ காட்டோரத்திலோ பழைய நடுகல் கண்ணில் பட்டால் தொடாமல் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவியுங்கள். அதை நகர்த்தி உங்கள் நினைவிடத்தில் வைப்பது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும் தவறு.

இடம், கல், எழுத்து

பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலைகளையோ கட்டுமானங்களையோ அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே முச்சந்தி ஆசையை விட்டுவிட்டு, ஊராட்சி அலுவலக வளாகத்தையோ பள்ளி மைதானத்தின் ஓரத்தையோ உரிய அனுமதியோடு தேர்ந்தெடுங்கள். ஒரு மதத்தின் வளாகத்துக்குள் வைக்காமல் இருப்பது எல்லாக் குடும்பங்களுக்கும் நல்லது. ஏற்காட்டிலும் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலும் மலைப்பகுதிக்கான கட்டுமான விதிகளும் வனத்துறை எல்லையும் குறுக்கே வரும் என்பதால், அளவைப் படத்தைப் பார்க்காமல் குழி தோண்ட வேண்டாம்.

கல் கருங்கல்லாகவே இருக்கட்டும். சலவைக்கல் மழையில் கரைந்து எழுத்தை இழக்கும். கண்ணாடிபோல மெருகேற்றிப் படம் பொறிக்கும் பாணி இப்போது பரவலாக இருந்தாலும், எதிர்வெயிலில் அதைப் படிக்க முடியாது. எழுதும் பரப்பை மட்டும் வழவழப்பாக்கி, எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். மேல் பூச்சு வண்ணத்தை நம்பிய எழுத்து சில ஆண்டுகளில் உதிரும். ஆழமாக வெட்டிய எழுத்தை விரலால்கூடத் தடவிப் படிக்கலாம். சேர்வராயன் மலையில் பனியும் மழையும் சேர்ந்து பாசி படரும் என்பதால் கல்லின் தலைப்பகுதி சரிவாக இருக்க வேண்டும். பீடத்தைச் சுற்றித் தண்ணீர் வடிய வழி வேண்டும். கல்லை இணைக்க இரும்புக் கம்பி வேண்டாம். துரு ஏறினால் கம்பி பருத்து உள்ளிருந்தே கல்லைப் பிளந்துவிடும். எவர்சில்வர் கம்பி கேளுங்கள்.

பெயர்களைத் தமிழ் அகரவரிசையில், ஒரே அளவு எழுத்தில் அமையுங்கள். மேஜருக்குப் பெரிய எழுத்து, சிப்பாய்க்குச் சிறிய எழுத்து என்பது கூடாது. சாதிப் பெயர் வேண்டாம். தகப்பனார் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுதினால் இரண்டு தலைமுறை கழித்தும் ஆள் யாரென்று தெரியும். கல்லில் ஏற்றும் முன் முழு அளவுத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு வரியையும் அந்தந்தக் குடும்பத்தாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்; ர, ற, ண, ன குழப்பங்கள் அங்கேயே தீரும். குடும்பம் பெயர் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. கீழே சில வரிகளுக்கு இடம் விடுங்கள். நன்கொடையாளர் பெயர்களை, 'உபயம்' உட்பட, முகப்பில் அனுமதிக்காதீர்கள். கொடுத்தவர் பெயர்கள் பின்புறம் ஒரு சிறு பலகையில் இருந்தால் போதும். இறந்தவர் பெயரைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும் கல்லைப் பார்க்கும்போது அந்தத் தாய்மார்களுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாளும் பராமரிப்பும்

எந்த நாளில் கூடுவது என்பதை ஊரே முடிவு செய்யலாம். டிசம்பர் 7 கொடிநாள், ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11 ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. நான் பரிந்துரைப்பது கொடிநாளை. அது எந்த ஒரு போரையும் சேர்ந்ததல்ல. மாலை, மேடை, பேச்சு எல்லாம் குறைவாக இருக்கட்டும். பள்ளி மாணவர் ஒருவர் எல்லாப் பெயர்களையும் நிறுத்தி நிறுத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் எழுந்து நிற்பதே போதும். வீட்டார் திதி கொடுப்பதும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவதும் பாத்திஹா ஓதுவதும் அவரவர் முறைப்படி தனியே நடக்கும். நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் வாழும் ஈழத் தமிழர்களுக்கும் சொந்த இழப்புகள் உண்டு. மே 18-ஐ ஒட்டி உப்புக் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்து, முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை நினைப்பது அம்மக்களின் வழக்கம். அவர்கள் விரும்பினால் அழையுங்கள். அவர்கள் கூடும்போது நீங்களும் போய் நில்லுங்கள்.

திறப்பு விழா முடிந்த வாரமே நினைவுக்கல்லை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். அப்போதுதான் தலைவர் மாறினாலும் அதைப் பராமரிக்கும் கடமை மாறாது. சேகரித்த கடிதங்கள், படங்கள், குடும்பத்தாரின் கையெழுத்துத் தாள்கள் ஆகியவற்றின் நகலை ஊராட்சியிலும் பள்ளியிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் தனித்தனியே கொடுத்துவையுங்கள். பின்னாளில் புதிதாக ஒரு பெயர் தெரியவந்தால், அதே சரிபார்ப்பு, அதே கையெழுத்து, அதே எழுத்தளவு. கீழே விட்டுவைத்த வரிகளில் அதை வெட்டி, அடுத்த கொடிநாளில் மற்றப் பெயர்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.