பழைய ஏர் ரைஃபிள்: அடையாளம் காண்பதிலும் விலை மதிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றின் அழுத்தத்தால் குண்டு சுடும் பழைய ஏர் ரைஃபிள் ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் அதைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள். அடுத்து இணையத்தில் விலை தேடுகிறார்கள். அது உண்மையில் என்ன துப்பாக்கி என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது. இந்த வரிசைதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். முதலில் அடையாளம், பிறகு விலை. கை வைப்பதா வேண்டாமா என்பது கடைசியில்.

அதற்கும் முன்னால் பாதுகாப்பு. எத்தனை வருடம் பரணில் கிடந்திருந்தாலும், உள்ளே குண்டு இருக்கிறது என்றே எண்ணிக் கையாளுங்கள். பம்ப் செய்து காற்றடைக்கும் வகையில் காற்று இன்னும் நிற்கலாம். ஸ்பிரிங் வகையில் ஸ்பிரிங் இழுபட்ட நிலையிலேயே இருக்கலாம். பிரிட்டனின் பழைய பிஎஸ்ஏ போன்ற ரைஃபிள்களில் குழலின் பின்முனையில் திருப்பித் திறக்கும் ஒரு முளை இருக்கும். பெல்லட் (சிறு ஈயக் குண்டு) அதற்குள் ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது. வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று பெல்லட் இல்லாமல் விசையை இழுப்பதும் வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் போய் நேராக மோதும். பழைய தோல் வாஷர் ஏற்கெனவே காய்ந்துபோயிருந்தால் அடி இன்னும் பலமாக விழும்.

பளபளப்பாக்கும் ஆசை

சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது அசல் மேற்பூச்சுக்கு. அது தேய்ந்திருக்கலாம், மங்கியிருக்கலாம், அங்கங்கே பழுப்பேறியிருக்கலாம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பூச்சாக இருக்க வேண்டும். ஒரு தடவை உப்புத்தாள் போட்டுவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

இதில் அதிகம் அடிபடுவது அமெரிக்காவின் பெஞ்சமின் பம்ப் ரைஃபிள்கள்தான். அவற்றின் குழல் பித்தளை. பல பழைய மாடல்களில் பித்தளை மேல் நிக்கல் முலாம், அதற்கு மேல் கறுப்புப் பூச்சு. கறுப்பு தேயும்போது கீழே வெள்ளி நிறம் தெரியும், இன்னும் தேய்ந்தால் மஞ்சள் தெரியும். இதைப் பார்ப்பவர், யாரோ நல்ல பித்தளை மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார் என்று நினைத்து மொத்தத்தையும் சுரண்டி, குத்துவிளக்குபோல் மின்ன வைத்துவிடுகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சேகரிப்பாளர் தேடி வந்தது அந்தக் கறுப்பைத்தான்.

நீங்கள் வாங்குகிற இடத்தில் இருந்தால், இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மறுபடி பூச்சு ஏற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியோடு, முத்திரை எழுத்துகளில் ஆரம்பியுங்கள். அசலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருந்தால் ஓரம் மழுங்கி, எழுத்து உலோகத்துக்குள் கரைந்ததுபோல் தெரியும். சில எழுத்துகளில் ஒரு கால் மட்டும் மெலிந்திருக்கும். பிறகு ஸ்க்ரூ துளைகளைப் பாருங்கள். துளையைச் சுற்றி உலோகம் லேசாகக் குழிந்து, கிண்ணத்தின் விளிம்புபோல் வளைந்திருந்தால் அங்கே சக்கரம் ஓடியிருக்கிறது. தட்டையான பரப்புகள் சந்திக்கும் விளிம்புகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். உருண்டிருந்தால் அதே கதை. துருக் குழிகளின் அடிவரை ஒரே சீராக நீல மெருகு (இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு) இறங்கியிருந்தால், துரு முதலில் வந்தது, மெருகு பிறகு வந்தது என்று அர்த்தம். மரக்கட்டை உலோகத்தைச் சந்திக்கும் இடத்தில் மரம் சற்றுத் தாழ்ந்திருந்தால், மரத்தையும் தேய்த்திருக்கிறார்கள். ஸ்க்ரூ தலைகளின் பிளவு சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்.

பழைய பழுதுபார்ப்புகளையும் அவசரப்பட்டு அகற்றக் கூடாது. 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போன லூயிஸ்–கிளார்க் பயணக் குழு ஓர் ஏர் ரைஃபிளைக் கொண்டுபோனது. அதை பிலடெல்பியாவின் ஐசையா லூக்கன்ஸ் செய்த ஒற்றைக் குண்டு ரைஃபிள் என்றே நீண்ட காலம் பலர் நம்பினார்கள். ஆனால் 1803-ல் அதை நேரில் பார்த்த தாமஸ் ராட்னி, நல்ல நிலையில் நிமிடத்துக்கு 22 முறை சுடும் என்று தன் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். ஒற்றைக் குண்டு ரைஃபிளுக்கு அது பொருந்தாது. ஆஸ்திரிய ராணுவம் 1780 வாக்கில் ஏற்றுக்கொண்ட, பல குண்டுகளை அடுத்தடுத்துச் சுடும் ஜிராண்டோனி வகைக்குப் பொருந்தும். அப்புறம் ஒரு ஜிராண்டோனியை நகல் செய்வதற்காகப் பிரித்தபோது, அதில் இருந்த பழைய பழுதுபார்ப்புகள் பயணக் குறிப்புகளில் வரும் பழுதுபார்ப்புகளோடு ஒத்துப்போவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்த ரைஃபிளின் அடையாளத்துக்கு வலுவான ஆதாரம் அந்தப் பழுதுபார்ப்புகளே. இடையில் யாராவது ‘சரி செய்கிறேன்’ என்று புதுப் பாகங்களைப் போட்டிருந்தால் அந்தத் தடயம் அதோடு போயிருக்கும்.

அதற்காக எதையுமே தொடக் கூடாது என்றில்லை. மென்மையான பருத்தித் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைப்பது, பரவிக்கொண்டிருக்கும் துருவை நிறுத்துவது, இரண்டும் நல்லதே. தோல் வாஷர், ஸ்பிரிங் போன்றவை தேய்ந்து மாறுகிற பாகங்கள்; மாற்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கழற்றிய பழையதை மட்டும் பெயர் எழுதிய ஒரு பையில் போட்டு ரைஃபிளோடு வையுங்கள்.

எழுத்தை அப்படியே நம்புவது

குழல் மேல் ஒரு வருடம் பொறித்திருந்தால் அதுதான் தயாரித்த வருடம் என்று நினைப்பது அடிக்கடி நடக்கிற தவறு. பெரும்பாலும் அது காப்புரிமை வருடம். டெய்சி கம்பெனியின் 25-ஆம் எண் பம்ப் ரைஃபிள் 1914-ல் வந்தது, பிறகு பல பத்தாண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. அதன் மேல் 1913 என்று பார்த்துவிட்டு நூற்றாண்டு பழசு என்று முடிவுகட்டினால் நாற்பது ஐம்பது வருடம்கூடத் தவறலாம்.

வருடத்தைவிட முகவரி நல்ல சாட்சி. டெய்சி 1958-ல் மிச்சிகனின் பிளிமத் ஊரிலிருந்து அர்கன்சாவின் ராஜர்ஸ் ஊருக்கு இடம் மாறியது. பிளிமத் என்றிருந்தால் இடமாற்றத்துக்கு முந்தியது, ராஜர்ஸ் என்றிருந்தால் பிந்தியது. அமெரிக்க முகவரியோடு ஐந்திலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1963-க்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்த எண் முறையே அந்த வருடம்தான் வந்தது. ஜெர்மன் ரைஃபிளில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது 1970-லோ அதற்குப் பிறகோ வந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முந்தியது என்று சொல்லி விற்பவரின் ரைஃபிளில் அந்த முத்திரை இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெயரும் ஏமாற்றும். டயானா என்றதும் ஜெர்மனியின் ராஸ்டாட் நகரம்தான் நினைவுக்கு வரும். மாயர் உண்ட் கிராமெல்ஸ்பாகர் நிறுவனம் அங்கே 1890-ல் தொடங்கியது. ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அதன் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்துக்குப் போய்விட்டன. அதனால் அந்தக் காலத்தில் பிரிட்டனில் டயானா என்ற பெயரில் விற்றவை ஸ்காட்லாந்துத் தயாரிப்பு. ராஸ்டாட்டில் செய்தவை அங்கே ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் வந்தன. அமெரிக்காவில் அதே ஜெர்மன் ரைஃபிள்களை வேறு பெயர்களில் விற்றார்கள்: டயானா 27-ஆம் மாடல்தான் ஹை-ஸ்கோர் 807, அதுவேதான் வின்செஸ்டர் 427. வின்செஸ்டர் என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பவர், உள்ளே இருப்பது எந்தப் பட்டறையின் வேலை என்று தெரிந்துதான் கொடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். லிங்கன் ஜெஃப்ரிஸ் 1904-ல் காப்புரிமை பெற்ற, அடியில் லீவர் உள்ள ரைஃபிளை பர்மிங்காமின் பிஎஸ்ஏ நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது. ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் ‘லிங்கன்’ என்ற பெயர்தான் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்து, கேள்விப்படாத ஏதோ கம்பெனி என்று குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவது பெரிய இழப்பு. பெயரைவிட அமைப்பை முதலில் பாருங்கள்: சுடத் தயாராக்க எதை இழுக்க வேண்டும், பெல்லட் எங்கே போகிறது, குழல் இரும்பா பித்தளையா (காந்தம் வைத்தால் தெரிந்துவிடும்), மொத்த நீளம் என்ன. பழைய பிஎஸ்ஏக்களில் 1, 2, 3 என்ற எண் குழல் அளவைக் குறிக்கும், மாடலை அல்ல. 1 என்றால் .177 அங்குலம், 2 என்றால் .22, 3 என்றால் .25.

சீரியல் எண்ணை எழுதிக்கொள்ளும்போது முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். பல கம்பெனிகளில் ஒரே எண் வேறு வேறு எழுத்தோடு வேறு வேறு மாடல்களுக்கு வந்திருக்கிறது.

கலப்புப் பாகங்களும் போலி முத்திரைகளும்

இரண்டு உடைந்த ரைஃபிள்களிலிருந்து ஒரு நல்ல ரைஃபிள் செய்வது பழைய பழக்கம். மோசடி நோக்கம் இல்லாமலே நடந்திருக்கும். டெய்சியின் ரெட் ரைடர் 1940 வாக்கில் வந்தபோது செம்பு முலாம் பூசிய பட்டைகளும் இரும்பு லீவரும் இருந்தன. பின்னாளில் லீவர் அலுமினியம் ஆனது, கட்டை பிளாஸ்டிக் ஆனது. செம்புப் பட்டையும் அலுமினிய லீவரும் ஒரே ரைஃபிளில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ராணுவ முத்திரைகள், குறிப்பாக நாஜி காலத்து முத்திரைகள், விலையைத் தூக்குவதற்காகவே பின்னால் குத்தப்படுவதுண்டு. முத்திரையின் பள்ளத்துக்குள் பூச்சு இல்லாமல் உலோகம் பளிச்சென்று தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

துணைப் பாகங்களைப் பிரிப்பதும் நஷ்டம். 1932-ல் வந்த வெப்லி சர்வீஸ் மார்க் 2 ரைஃபிளில் குழலைக் கழற்றி .177, .22, .25 என மூன்று அளவுகளில் மாற்றலாம். மூன்று குழலும் அசல் பெட்டியும் சேர்ந்திருக்கும் தொகுப்புக்குத் தனி மதிப்பு. அட்டைப்பெட்டி, கையேடு, வாங்கிய ரசீது எதையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள்.

அரிது என்பதும் விலை என்பதும் ஒன்றல்ல

ஷெரிடன் நிறுவனத்தின் முதல் ரைஃபிள், பின்னாளில் ‘சூப்பர்கிரேடு’ என்று அழைக்கப்பட்டது, 1947-ல் 56.50 டாலருக்கு வந்தது. ஏர் ரைஃபிளுக்கு அது அந்தக் காலத்தில் மிக அதிகம். வால்நட் மரக்கட்டை, துளை வழியே குறிபார்க்கும் அமைப்பு என்று வேலைப்பாடு உயர்தரம்தான், ஆனால் விற்பனை மந்தம். இரண்டாயிரத்துச் சொச்சம் மட்டுமே செய்தார்கள். இன்று அதற்குப் பெரிய போட்டி. ஆனால் ஷெரிடன் என்ற பெயர் மட்டும் அந்த விலையைத் தராது. அதே கம்பெனியின் ‘ப்ளூ ஸ்ட்ரீக்’ பல பத்தாண்டுகள் தாராளமாக வந்தது. மறுபக்கம், யாருமே தேடாத சிறு கம்பெனியின் ரைஃபிள் உலகத்தில் நான்கே நான்கு மிஞ்சியிருந்தாலும், ஐந்தாவது ஆள் கேட்டு வராவிட்டால் விலை ஏறாது.

விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். கேட்கும் விலை ஆசை மட்டுமே. மூன்று வருடமாக அதே விலையில் தொங்கிக்கொண்டிருக்கலாம். உண்மையில் விற்று முடிந்த ஏலங்களின் தொகையைப் பாருங்கள், அதிலும் ஒன்றை அல்ல, பலவற்றை. ஏல நிறுவனத்தின் கமிஷன் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்றும் கவனியுங்கள். கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை, சேகரிப்பாளர் நேரடியாகக் கொடுக்கும் விலை, காப்பீட்டுக்கு எழுதும் விலை மூன்றும் வேறு வேறு. யாராவது ஒரு தொகை சொன்னால் இந்த மூன்றில் எது என்று கேட்டுவிடுங்கள்.

விலைக் கையேடுகள் அசல் பூச்சு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து விலை சொல்கின்றன. இங்கே எல்லோருமே தன் பொருளுக்கு ஒரு படி மேலே மதிப்பெண் போடுகிறார்கள். எண்பது சதவீதம் என்று தோன்றினால், கைபிடிக்கும் இடத்தையும் குழல் முனையையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுபதிலிருந்து கணக்குப் போடுங்கள். தேய்மானம் முதலில் தெரிவது அங்கேதான்.

அனுபவசாலி ஒருவரிடம் கேட்கும்போது ஒரே ஒரு முழுநீளப் படம் அனுப்புவது அவர் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் வீணாக்கும். இரண்டு பக்கமும், எல்லா முத்திரைகளும் சாய்வான வெளிச்சத்தில் கிட்டத்திலிருந்தும், முன்குறி, பின்குறி, விசைப்பகுதி, ஸ்க்ரூ தலைகள், கட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றையும் எடுத்து அனுப்புங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் அதன் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்து எழுந்து தெரியும். வேறு நாட்டுக்கு அனுப்புவதாகவோ அங்கிருந்து வாங்குவதாகவோ இருந்தால், பணம் கைமாறும் முன் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். ஏர் ரைஃபிளின் சக்தி, வயது, உரிமம் பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பழம்பொருள் என்பதால் விலக்கு கிடைக்கும் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம்.