ஜாடியில் இருப்பது இக்தியோமைசானா? பார்க்க வேண்டிய வரிசை

பவானி, கொடுமுடிப் பக்கம் ஆரலையும் விலாங்கையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆய்வக ஜாடியில் இருக்கும் லாம்ப்ரேயும் (விலாங்கு போல நீண்ட, தாடையில்லாத மீன்) அவற்றின் சொந்தமாகவே படும். உடம்பின் நீளத்தை விட்டுவிட்டுத் தலைக்குப் போங்கள். பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள், தலைமேல் ஒற்றை மூக்குத்துளை, தாடையில்லாத வட்ட வாய் இருக்க வேண்டும். மார்புத் துடுப்பு இருக்கவே கூடாது. ஆரலுக்கும் விலாங்குக்கும் தாடையும் மார்புத் துடுப்பும் உண்டு. நம் காவிரியிலோ அமராவதியிலோ லாம்ப்ரே கிடையாது.

அடுத்து முதுகு. வட அமெரிக்க நன்னீர் லாம்ப்ரேப் பேரினமான இக்தியோமைசானுக்கு ஒரே நீளத் துடுப்பு, நடுவே லேசான பள்ளம். பாடத்தில் வரும் கடல் லாம்ப்ரேயான பெட்ரோமைசானுக்கு இரண்டு. கிழிந்த துடுப்பும் இரண்டு போலத் தெரியும். மாதிரியைத் தண்ணீர்த் தட்டில் போட்டு, ஊசியால் விரித்துப் பாருங்கள்.

இனம் பிரிப்பதுதான் பொறுமை கேட்கும் வேலை. ஆறு இனங்கள், மூன்று சோடிகள்: யூனிகஸ்பிஸ்–ஃபாசர், கஸ்டேனியஸ்–கேஜி, டெல்லியம்–கிரீலி. சோடியில் முதலாவது மற்ற மீன்களை உறிஞ்சும் ஒட்டுண்ணி. இரண்டாவது வளர்ந்தபின் எதுவும் தின்னாமல் முட்டையிட்டு மடியும். அதனால் அதன் வாய்த்தட்டு சிறுத்து, பல் மழுங்கியிருக்கும். மழுங்கியதைப் பார்த்து மாதிரி கெட்டுவிட்டதென்று ஒதுக்க வேண்டாம்.

வாயைச் சுற்றிய முதல் வளையத்தின் பக்கப் பற்களைக் கைலென்ஸில் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றைக் கூரானால் முதல் சோடி. இரட்டைக் கூரானால் மற்ற இரண்டில் ஒன்று. அங்கே தசைக்கண்டங்களை, அதாவது உடம்பின் பக்கத்தில் வரிசையாக இருக்கும் தசைத் துண்டுகளை, எண்ண வேண்டும். கடைசிச் செவுள் துளைக்குப் பின்னிருந்து கழிவுத் துளை வரை, இடப்பக்கம் எண்ணுங்கள். தோலைத் துணியால் ஒற்றி, விளக்கைச் சாய்வாகப் பிடித்தால்தான் வரம்பு தெரியும். நேர் வெளிச்சத்தில் எண்ணிக்கை தவறும். கஸ்டேனியஸ், கேஜிக்குப் பெரும்பாலும் 55க்குக் கீழ். டெல்லியம், கிரீலிக்கு அதற்கு மேல். 55ஐ ஒட்டி வந்தால் எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது, பிடித்த ஆற்றைப் பாருங்கள்: டெல்லியம் ஒஹாயோ ஆற்று வடிநிலத்துக்காரன்.

கண் தோலுக்குள் மறைந்து, வாய் முக்காடு போலிருந்தால் அது அம்மோசீட் இளவுயிரி. பல்லே இருக்காது, சீட்டில் இனப்பெயரை எழுதாதீர்கள்.