வயோமிங்: குடியேற்றத்தையும் மாட்டுப் பண்ணைகளையும் பற்றிச் செய்யக் கூடாத தவறுகள்

வயோமிங் பற்றி எழுதுகிற பலர் "காலியாகக் கிடந்த நிலம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இதுதான் முதல் தவறு. 2020 கணக்கெடுப்பில் அங்கே 5,76,851 பேர்தான், அமெரிக்காவிலேயே குறைந்த மக்கள்தொகை கொண்ட மாநிலம், சரி. ஆனால் ஆள் குறைவு என்பது வேறு, காலி என்பது வேறு. ஷோஷோனி, அரபாஹோ, ஷையான், க்ரோ என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண் அது. 1868 ஒப்பந்தப்படி கிழக்கு ஷோஷோனிகள் பெற்ற விண்ட் ரிவர் பகுதி இன்றும் இருக்கிறது, 1878இல் வடக்கு அரபாஹோக்களையும் அரசு அங்கேயே கொண்டுபோய் விட்டது.

அப்புறம், மாட்டு வண்டிகளில் சவுத் பாஸ் கணவாய் வழியாகப் போனவர்கள்தான் வயோமிங்கில் குடியேறினார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் போகிற வழியில் இதைக் கடந்தவர்கள், அவ்வளவுதான். ஊர்கள் ரயிலோடு வந்தன. தலைநகர் ஷையான் 1867இல் யூனியன் பசிபிக் ரயில் பாதைக்காகப் பிறந்த ஊர்.

நிலத்தை ஏக்கரில் மட்டும் அளப்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு என்பேன். குடியேறுகிறவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 சட்டம் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் என்றது. நாட்டின் மழை பெய்கிற கிழக்குப் பகுதியில் அது ஒரு குடும்பத்துக்குத் தாராளம், வறண்ட மேற்கில் அதில் மாடு மேய்த்துப் பிழைக்க முடியாது. மேற்குப் பகுதியை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், கேட்கத்தான் ஆளில்லை. ஓடையை ஒட்டிய கொஞ்ச நிலத்தைப் பிடித்தவர்தான் சுற்றியுள்ள மேய்ச்சலையே ஆண்டார், ஏனென்றால் தண்ணீர் இல்லாத புல்லால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

மாடுகள் வருடம் முழுக்கத் தானாக மேய்ந்து பிழைத்தன என்பதையும் நம்பாதீர்கள். அப்படி நம்பியவர்களை 1886-87 குளிர்காலம் அழித்தது. கோடையிலேயே புல் கருகியிருந்தது, அதன் மேல் பனி விழுந்து, நடுவே இளகி, மறுபடி உறைந்து கெட்டி ஓடாகிவிட்டது. குதிரை குளம்பால் பனியைக் கிளறிப் புல்லை எடுத்துக்கொள்ளும், மாடு அப்படிச் செய்வதில்லை. காற்றுக்கு முதுகைக் கொடுத்தபடி நடந்து நடந்து, முள்கம்பி வேலியில் முட்டி, மேற்கொண்டு போக வழியில்லாமல் அங்கேயே குவியல் குவியலாகச் செத்தன. அதற்குப் பிறகுதான் வாய்க்கால் வெட்டி, புல் வளர்த்து, அறுத்துக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைப்பது பண்ணையின் முக்கிய வேலையானது.

செம்மறியை மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மாடுகளை விட ஆடுகள்தான் பல மடங்கு அதிகம். மேய்ச்சலுக்காக நடந்த சண்டையில், 1909 ஏப்ரலில் டென் ஸ்லீப் அருகே மாட்டுக்காரர்கள் இரவில் ஒரு கிடையைத் தாக்கி மூன்று பேரைக் கொன்றார்கள்.

கடைசியாக, வேலிக்குள் இருப்பதெல்லாம் பண்ணைக்காரர் சொத்து என்று எண்ணாதீர்கள். மாநிலத்தில் ஏறக்குறைய பாதி நிலம் மத்திய அரசுடையது, அதில் மேய்க்கப் பண்ணைக்காரர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். ரயில் பாதையின் இரு பக்கமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் கம்பெனிக்குக் கொடுத்ததால், தெற்கே நில வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகை மாதிரியே இருக்கும். 2021இல் எல்க் மலைப் பக்கம் நான்கு வேட்டைக்காரர்கள், இரண்டு அரசுக் கட்டங்கள் சந்திக்கும் மூலையில் ஓர் ஏணியை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். அத்துமீறல் என்று அரசுத் தரப்பு அவர்கள் மேல் வழக்குப் போட்டது, 2022இல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. பண்ணை உரிமையாளர் தொடுத்த தனி வழக்கிலும் 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அங்கே நடக்கப் போகிறவர்கள் வேலியைப் பார்த்து முடிவு செய்யாமல், எந்தக் கட்டம் யாருடையது என்று காட்டும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.