கீமோ நாட்களில் தூக்கம் வரவில்லையா? மாத்திரை நேரத்தைப் பாருங்கள்

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றிய அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களும் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறீர்களா? மனசுதான் காரணம் என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தை விரட்டக்கூடியது. மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால், "இதைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா? ராத்திரி வேளையை மதியத்துக்கு மாற்றலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ மட்டும் வேண்டாம்.

தலைமாட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, வலியா, குமட்டலா, வாய்ப்புண் எரிச்சலா என்று ஒரு வரி போதும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும், அப்போது அதைக் காட்டுங்கள்.

20 நிமிடம் புரண்டும் கண் மூடவில்லையா? எழுந்து மங்கிய வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். கண் சொக்கும்போது மறுபடி படுக்கலாம். பகல் தூக்கம் அரை மணிக்குள் இருக்கட்டும்.

காய்ச்சல் வந்தால் மட்டும் விடியும்வரை பொறுக்கவே கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.