நல்ல செய்தி எழுதுவது எப்படி, அது விளம்பரமாகிவிடாமல்

செய்தியில் நல்லதையும் போடுங்களேன் என்று வாசகர்கள் கேட்டால், பல இடங்களில் உடனே கிடைப்பது கிணற்றில் விழுந்த பூனையை மீட்ட கதை. பூனை பிழைத்ததில் சந்தோஷம்தான், ஆனால் அவர்கள் கேட்டது அதையல்ல.

முதலில், எங்கே தேடுவது? விபத்து ஒரு நொடியில் நடக்கும், நல்லது பத்து இருபது வருடம் மெல்ல நடக்கும், அதனால் "இன்று என்ன நடந்தது" என்று மட்டும் கேட்டால் அது கண்ணிலேயே படாது. (1965-லேயே கால்டுங், ரூஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள்.) நான் சொல்லும் வழி, பழைய கெட்ட செய்திகளைத் தூசி தட்டி எடுத்து "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பது.

ஓசோன் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் உலகமே பயந்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த, ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தினார்கள், ஓசோன் படலம் இப்போது மெல்லத் தேறி வருகிறது. இதில் யார் எதை நிறுத்தினார்கள், பதிலுக்கு எதைக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் செய்தி. பதிலுக்கு வந்த எச்எஃப்சி வாயுக்கள் பூமியைச் சூடாக்குபவை என்பதால் 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அதே ஒப்பந்தத்துக்கு இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. இந்தக் குறையைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்காதீர்கள், நடுவிலேயே சொல்லுங்கள், அப்போதுதான் மற்றதையும் நம்புவார்கள்.

எண்களை ஜோடியாகத் தாருங்கள். ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990-ல் உலகம் முழுவதும் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல், 2022-ல் சுமார் 49 லட்சம். பாதிக்கும் மேல் குறைந்தது நிஜம், 49 லட்சம் என்பதும் நிஜம்.

தகவல் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். சாதித்ததாகச் சொல்லும் அமைப்பே அனுப்பிய செய்திக்குறிப்பு என்றால், அதனால் லாபம் இல்லாத ஒருவரிடம், முடிந்தால் அந்தத் திட்டத்தால் பலன் கிடைக்காத ஒருவரிடமும் பேசிவிட்டு எழுதுங்கள். ஊழல் செய்திக்கு எவ்வளவு குடைவீர்களோ, இதற்கும் அவ்வளவு குடைய வேண்டும்.

தலைப்பில் "அதிசயம்", "நெகிழ்ச்சி" எல்லாம் வேண்டாம், எண்ணைப் போடுங்கள். தலைப்பில் கூடும் ஒவ்வொரு எதிர்மறைச் சொல்லுக்கும் கிளிக் சுமார் 2.3 சதவீதம் கூடியதாக 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. சரி, அந்த 2.3 போனால் போகட்டும்.