சுற்றுப்பாதையில் செல்லும் பொருளின் இயந்திர ஆற்றலைக் கணக்கிடும் முறை

ஒரு செயற்கைக்கோளின் இயந்திர ஆற்றல் என்பது அதன் இயக்க ஆற்றலும் ஈர்ப்பு நிலை ஆற்றலும் சேர்ந்த தொகையாகும். பள்ளியில் பழகிய ‘நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்’ என்ற வாய்பாடு இங்கே உதவாது, ஏனெனில் அது எல்லா உயரத்திலும் ஈர்ப்பு ஒரே அளவில் இருப்பதாகக் கொள்கிறது. 36,500 கிலோமீட்டர் உயரத்துக்கு அதைக் கொண்டு கணக்கிட்டால் நிலை ஆற்றல் கிலோகிராமுக்கு 358 மெகாஜூல் கூடியதாக வரும். உண்மையில் கூடுவது 53 மெகாஜூல் மட்டுமே.

எனவே நிலை ஆற்றலின் சுழியை முடிவிலியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈர்ப்பு மாறிலியையும் புவியின் நிறையையும் பெருக்கிய மதிப்பு 3.986 × 10¹⁴ ஆகும் (மீட்டர், நொடி அலகுகளில்). இதைப் புவி மையத்திலிருந்து உள்ள தொலைவால் வகுத்து எதிர்க்குறி இட்டால், ஒரு கிலோகிராமுக்கான நிலை ஆற்றல் கிடைக்கும். தொலைவு தரையிலிருந்து அன்று, மையத்திலிருந்து அளக்கப்பட வேண்டும். உயரத்துடன் புவியின் ஆரமான 6,378 கிலோமீட்டரைக் கூட்ட மறப்பதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

வட்டப்பாதையில் இயக்க ஆற்றல், நிலை ஆற்றலின் எண்மதிப்பில் சரிபாதியாக இருக்கும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு, கிலோகிராம் ஒன்றுக்கு நிலை ஆற்றல் −58.8, இயக்க ஆற்றல் +29.4, மொத்தம் −29.4 மெகாஜூல். தரையில் நிற்கும் பொருளின் நிலை ஆற்றல் −62.5 மெகாஜூல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: உயரத்துக்குத் தேவைப்படுவது 3.7 மெகாஜூல், வேகத்துக்குத் தேவைப்படுவது 29.4. ஏவூர்தியின் உழைப்பில் பெரும்பகுதி மேலே ஏறுவதற்கன்று, பக்கவாட்டில் விரைவதற்கே செலவாகிறது.

எதிர்க்குறியைப் பாதியில் கைவிட்டுவிடக் கூடாது. காற்றின் உராய்வால் அந்த நிலையம் 10 கிலோமீட்டர் இறங்கினால், கிலோகிராமுக்கு நிலை ஆற்றல் 87 கிலோஜூல் குறைகிறது, இயக்க ஆற்றல் 43 கிலோஜூல் கூடுகிறது. மொத்த ஆற்றல் குறைந்தும் வேகம் அதிகரிக்கிறது என்னும் வியப்பான முடிவு, குறியைச் சரியாகக் கையாண்டால் தானாகவே வந்துவிடும்.

நீள்வட்டப் பாதையில் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் ஒவ்வொரு கணமும் மாறினாலும் அவற்றின் கூடுதல் மாறுவதில்லை. அந்த மாறிலியை நீள்வட்டத்தின் நெட்டச்சை (அதன் மிக நீண்ட விட்டத்தை) மட்டும் கொண்டே கண்டுவிடலாம் என்பதுதான் இம்முறையின் அழகு. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட சந்திரயான்-3, புவிக்கு அருகில் 170, தொலைவில் 36,500 கிலோமீட்டர் என்னும் பாதையை அடைந்தது. இரு உயரங்களையும் புவியின் விட்டத்தையும் கூட்டினால் நெட்டச்சு 49,426 கிலோமீட்டர். 3.986 × 10¹⁴-ஐ இந்த நீளத்தால், மீட்டராக மாற்றிய பின், வகுத்து எதிர்க்குறி இட்டால் கிலோகிராமுக்கு −8.06 மெகாஜூல், கலத்தின் சுமார் 3,900 கிலோகிராம் நிறையால் பெருக்கினால் ஏறத்தாழ −31,450 மெகாஜூல்.

எந்தப் புள்ளியிலும் மொத்த ஆற்றலிலிருந்து அங்குள்ள நிலை ஆற்றலைக் கழித்தால் இயக்க ஆற்றல் கிடைக்கும், அதிலிருந்து வேகமும் தெரிந்துவிடும்: அண்மைப் புள்ளியில் நொடிக்கு 10.28 கிலோமீட்டர், சேய்மைப் புள்ளியில் 1.57. மறுநாள் பாதை 173 × 41,762 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டபோது மொத்த ஆற்றல் கிலோகிராமுக்கு −7.29 மெகாஜூலாகக் கூடியது. கூடிய 0.78 மெகாஜூலை அண்மைப் புள்ளியில் தருவதற்கு வேகத்தை நொடிக்கு 75 மீட்டர் அளவில் கூட்டினால் போதும். அதே ஆற்றலைச் சேய்மைப் புள்ளியில் தர வேண்டுமானால் ஏறத்தாழ 435 மீட்டர் கூட்ட வேண்டியிருக்கும்.